சுமை மதிப்பீடு

வடக்குப் போர்ச்சுகலில், வரைபடம்
மடிப்பு விழுந்து கிழிகிற இடத்தில் இருக்கிறது வாரேலா.
ஒற்றை வளைவுப் பாலம். கருங்கல்.
சாந்து கிடையாது; ஒரு கல் விழாதபடி
இன்னொரு கல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கட்டுமானம்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே,
இதற்கு இரண்டு காலும் பாறையில்.
சாலைத் துறை என்னை அனுப்பியிருந்தது,
ஒரு சுத்தியல், விரிசல் அளக்கும் அட்டை,
இரண்டு பக்கப் படிவம்.
டிராக்டர் போகலாமா, கூடாதா.
அவ்வளவுதான் கேள்வி.

பகலெல்லாம் தட்டிக் கேட்டேன்.
நல்ல கல் கணீரென்கும்.
கெட்ட கல், பானைக்குள் யாரோ பேசுகிற மாதிரி.
பதினேழாவது வரிசையில் ஒன்று
எதுவுமே சொல்லவில்லை.
மூன்று முறை தட்டிவிட்டுக் கேள்விக்குறி போட்டேன்.
மாடுகளை ஓட்டிவந்த அடெரிட்டோ நின்று பார்த்தார்.
"பிசாசு கட்டியதம்மா, ஒரே ராத்திரியில்."
படிவத்தில் 'ஒப்பந்தக்காரர் பெயர்' என்றொரு கட்டம் உண்டு.
நிரப்பாமல் விட்டேன்.

அட்டையைக் கைப்பிடிச் சுவரிலேயே மறந்துவிட்டது
விடுதியில் படுத்தபிறகுதான் உறைத்தது.
விடிந்தால் மழை என்றார்கள்.
டார்ச்சோடு இறங்கியபோது
பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிடம்.

பாலத்தின் முனையில் ஒருவன் தடியோடு நின்றான்.
தடுப்பான் என்று நினைத்தேன்.
தொப்பியைக் கழற்றினான்.
நடுவில், வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில்
கம்பளி போர்த்தி ஒருத்தி.
பக்கத்தில் அவள் தங்கை,
கயிறு கட்டிய பால் தூக்கு,
ஒரு கூடை.

இடலினா. மூன்று முறை உண்டாகி
மூன்று முறையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை.
இது நான்காவது; ஐந்தாம் மாதம்.
நள்ளிரவுக்குப் பின் முதலில் பாலம் ஏறுகிறவர்
ஆற்றுநீர் மொண்டு வயிற்றில் ஊற்ற வேண்டும்.
பிள்ளை தங்கும். ஊற்றியவர் ஞானத்தாய்.
"நான் கோவிலுக்குப் போவதில்லை" என்றேன்.
"அதை யார் கேட்டது?" என்றாள் தங்கை நொயேமியா.
"நேற்று விடியும்வரை உட்கார்ந்தோம்.
வந்தது ஒரு நரி.
அதைத் துரத்தவே ஸெஃபெரினோவுக்குச் சரியாகப் போனது."

தூக்கை இறக்கினேன்.
கயிறு நீளம் என்று எனக்குத் தெரியும்,
பகலில் அளந்த பதினொன்றரை மீட்டர்.
அவள் ஸ்வெட்டரைத் தூக்கினாள்.
டார்ச் வெளிச்சத்தில் அந்த வளைவு.
தொழில்புத்தி; தோலில் ஓடிய பழைய கோடுகளைக்
கண் அளக்கத் தொடங்கிவிட்டது.
வளைவுக்குப் பாரம்தான் பலம்,
ஏற ஏற இறுகும்
என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.
கை நடுங்கியது.

சிறுவயதில் படித்த ஜெபம் பாதியில் நின்றுபோனது.
"வயிறு குளிரட்டும்" என்று
எதையோ சொல்லி ஊற்றினேன்.
"குளிருது, சனியனே!" என்று அலறினாள்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.
பிறகு மூவரும் சிரித்தோம், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.
இருட்டின் முனையிலிருந்து ஸெஃபெரினோ
"என்ன, என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தான்.
அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கூடையில் ஆறிப்போன கோழி, சோள ரொட்டி.
பாலத்தின் மேலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டுமாம்,
எலும்பையும் மிச்சத்தையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போக வேண்டுமாம்.
நான் பார்த்தேன்.
நாற்காலியை மறந்துவிட்டிருந்தார்கள்.

அட்டை கிடைத்தது, கோழி எண்ணெய்க் கறையோடு.
0.3 மில்லிமீட்டர் கோடு அந்தக் கறைக்கடியில்தான்.

அறிக்கையில் எழுதினேன்:
டிராக்டர் வேண்டாம்.
நடப்பவர்களுக்குத் தடையில்லை, எந்நேரமும்.
'எந்நேரமும்' எதற்கென்று மேலதிகாரி கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி போய்விட்டது.
அவசரத்தில் அலுவலக எண்ணைத்தான் கொடுத்திருந்தேன்.
அடிக்கிறபோதெல்லாம் நானே ஓடிப்போய் எடுக்கிறேன்.
பெரும்பாலும் சாலைக் குழிகள் பற்றிய புகார்.